முதலில் வடிவு, பிறகு மிஷின்

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் காலையில் வாழைப்பூ பொறுக்கிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் லிசியிடமிருந்து போன் வந்தது. எங்கள் மருத்துவமனையில் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி அறையைப் பல வருடமாக ஆண்டு வருபவர் அவர். எந்த நேரத்தில் பேசினாலும் சிரிப்போடு தொடங்குகிறவருக்கு அன்று குரலே எழும்பவில்லை. "டாக்டர், வடிவு மேடம் போயிட்டாங்க" என்றார். விடியற்காலையில் செம்பூர் வீட்டில், மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட அவகாசம் இருக்கவில்லை. நான் உடனே, "யார் பார்த்தா? ஈசிஜி எடுத்தாளா?" என்று கேட்டேன். லேபில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதும் பேத்தாலஜிஸ்டின் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். ரிப்போர்ட் கையில் வராமல் எதையும் நம்பாது. லிசி அழ ஆரம்பித்ததும்தான் எனக்கு உறைத்தது. வாழைப்பூவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பூக்கடைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன்.

டாக்டர் வடிவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள், அவர் முன்னால் வெட்கத்தோடு ஒருக்களித்துப் படுத்தவர்கள், அவரால் இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள். நான் இதில் கடைசி ரகம். திட்டும் வாங்கியிருக்கிறேன்.

அவர் பிறந்து வளர்ந்தது தாராவியில். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. படித்தது சயான் மருத்துவக் கல்லூரியில். குடல் மருத்துவராகி, செம்பூரில் வீடு வாங்கி, இந்தியிலும் மராத்தியிலும் வெளுத்து வாங்கினாலும், தமிழ் என்று வந்துவிட்டால் நேராகத் தாராவிக்குப் போய்விடுவார். எங்கள் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அவர் சேர்ந்த வாரம், நான் கொடுத்த ரிப்போர்ட் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்து லேபுக்கு இறங்கி வந்தார். "அண்ணாச்சி, இது நீங்க எழுதினதா?" என்று கேட்டார். பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் குமாஸ்தா வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. முதலில் கொஞ்சம் விறைத்துக்கொண்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, இரண்டு பேர் ஒன்றாகப் பார்க்கும் மைக்ராஸ்கோப்பின் மறுபக்கத்தில் கண்ணை வைத்துவிட்டார். அன்றைக்கு என் ரிப்போர்ட்தான் சரி. ஆனால் அன்றிலிருந்து நான் அண்ணாச்சி.

எங்கள் இருவருக்கும் இடையே ஒரு போட்டி இருந்தது. குடலின் உள்சுவரில் மரு மாதிரி முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சியை நாங்கள் பாலிப் என்போம். பல பாலிப்புகள் சாது. சில மட்டும் வருடக்கணக்கில் பொறுமையாக இருந்து புற்றாக மாறும், அவற்றுக்கு அடினோமா என்று பெயர். எது சாது, எது அடினோமா என்று உறுதியாகச் சொல்வது என் வேலை. வெட்டியெடுத்ததைச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, சாயம் ஏற்றிப் பார்த்துச் சொல்வேன். வடிவோ குழாயின் நுனியிலுள்ள கேமராவில் பார்க்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுவார். அதை எனக்கு எழுதி அனுப்பக் கூடாது என்பது என் கட்டளை. அவர் சொன்னது முன்கூட்டியே தெரிந்தால் என் கண்ணும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நான் கையெழுத்துப் போட்ட பிறகு போன் செய்து கேட்பேன், சாட்சி சிஸ்டர் லிசி. அவர் தோற்றால் தாராவியிலிருந்து காராச்சேவு வரும். நான் தோற்பதென்பது அவர் சொன்னது சரியாகிவிடுவதுதான், அப்போது என் மனைவி பத்மா பருப்பும் தேங்காயும் அரைத்துச் செய்த பாலக்காட்டு மொளகூட்டல் மேலே போகும். எங்கள் வீட்டு மொளகூட்டலில் பாதி அவர் வயிற்றுக்குத்தான் போனது.

பேஷண்டுகளிடம் அவர் பேசுவதைக் கேட்பதற்காகவே சில நாள் நான் மாடிக்குப் போனதுண்டு. தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர், ரத்தம் போகிறதென்று வந்தவர், டாக்டர் பெண் என்று தெரிந்ததும் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டார். மகன் கெஞ்சுகிறான், லிசி அதட்டுகிறார், அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவருகே நிற்கிறார். வடிவு அவர் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காத மாதிரி ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "பெரியப்பா, நான் உங்களப் பாக்கவே மாட்டேன். அந்த டிவியத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். நீங்க பாட்டுக்குத் தூங்குங்க" என்றார். பெரியவர் டிவியை ஒரு முறை பார்த்தார், வடிவை ஒரு முறை பார்த்தார், பிறகு ஏறிப் படுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரே தெருக்காரர்கள் நாலு பேரை அழைத்து வந்தார். எல்லோரிடமும் "அந்தம்மா டிவியத்தான் பாக்கும்" என்று சொல்லி வைத்திருந்தாராம்.

அந்த டிவிக்குப் பக்கத்தில்தான் பிறகு செயற்கை நுண்ணறிவு மிஷின் வந்து உட்கார்ந்தது. கேமரா குடலுக்குள் போகப்போக அதுவும் கூடவே பார்க்கும். சந்தேகமான இடம் தெரிந்தால் பெரிய திரையில் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். கிட்டே போய் நிறுத்திப் பார்த்தால், இது அடினோமாவா இல்லையா என்று தன் அபிப்பிராயத்தைப் பக்கத்திலுள்ள சின்னத் திரையில் எழுதும். நானும் அவரும் சேர்ந்து செய்த வேலையை அது ஒற்றை ஆளாகச் செய்யப் பார்க்கிறதே என்று எனக்கு எரிச்சல். வடிவுக்கோ ஒரே குதூகலம். அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தார். ஆரம்பத்தில் தம்பி நுரைக் குமிழிக்கெல்லாம் கட்டம் போட்டான். ஒட்டியிருந்த தக்காளித் தோலைக்கூட விடவில்லை. "சின்னப்புள்ளயில எல்லாரும் அப்படித்தான், கண்டதெல்லாம் காட்டுவான்" என்று அவனுக்காகப் பரிந்து பேசினார்.

கொஞ்ச நாளில் அவர் வேறொன்றைக் கவனித்தார். புதிதாகப் பயிற்சிக்கு வந்த டாக்டர்கள் குடலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கியிருந்தார்கள். பாலிப் தெரிந்ததும் அவர்கள் தலை தானாகச் சின்னத் திரைப் பக்கம் திரும்பியது. வடிவு லிசியிடம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு பச்சைத் துணி கேட்டு வாங்கி, சின்னத் திரையின் மேல் போட்டு மூடினார். சட்டம் இதுதான். டாக்டர் முதலில் தன் முடிவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே லிசி துணியை விலக்குவார். சன்னிதியில் திரை விலகுவதற்குக் காத்திருப்பதைப் போல எல்லோரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருப்போம். டாக்டர், தம்பி இருவரில் ஒருவர் சந்தேகப்பட்டாலும் பாலிப்பை எடுத்து லேபுக்கு அனுப்பியாக வேண்டும். "மொதல்ல என் வாயி, பொறவு அவன் வாயி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனா ரெண்டு பேரு சொன்னதும் கேக்காது" என்பார்.

ஒரு நாள் பெருங்குடலின் ஆரம்பப் பகுதியில், மேலே சளி படிந்த தட்டையான ஒன்றை அவர் சந்தேகப்பட்டார். துணியை விலக்கினால் தம்பி சாது என்று எழுதியிருந்தான். எடுத்து அனுப்பினார், பார்த்தேன், வடிவு சொன்னதுதான் சரி. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி, மிஷின் ஒழிந்தது என்று போனிலேயே சொன்னேன். அவர் சிரித்தார். தன் கண்ணுக்குத் தப்பிய இரண்டொன்றை அதே வாரத்தில் தம்பி பிடித்திருக்கிறான் என்றும், அதை நான் கேட்கவே இல்லை என்றும் சொன்னார். உண்மைதான், நான் கேட்டிருக்கவில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததும் இந்த மிஷினால்தான். மலக்குடல் பக்கம் இருக்கும் மிகச் சின்னப் பாலிப்புகளை, டாக்டரும் மிஷினும் ஒரே குரலில் சாது என்று உறுதியாகச் சொன்னால், வெட்டாமல் அப்படியே விட்டுவிடலாமா என்று டாக்டர்கள் மீட்டிங்கில் பேச்சு வந்தது. வெட்டாவிட்டால் லேபும் இல்லை, நானும் இல்லை. நான் எழுந்து வெகு நேரம் பேசினேன். வடிவு என் பக்கம் நிற்பார் என்று நம்பியிருந்தேன். அவர் எழுந்து, "உங்க மைக்ராஸ்கோப்புக்கு வேல வேணும்ங்கிறதுக்காக சனங்க சதைய வெட்ட முடியாது அண்ணாச்சி" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு அவரே, சந்தேகம் துளி இருந்தாலும் லேபுக்குத்தான் போக வேண்டும் என்று ஆணித்தரமாகப் பேசினார். அது என் காதில் ஏறவில்லை. கோபத்தில் மொளகூட்டலை நிறுத்தினேன். அவர் தோற்காத நாளிலும் காராச்சேவு பொட்டலம் கீழே வந்துகொண்டே இருந்தது. நாலாவது பொட்டலத்துக்குப் பிறகு என்னாலும் முறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோபர்கைரனேயில் இருக்கும் என் அண்ணாவுக்குக் குடலில் புற்று என்று தெரிந்தது. கூடப் பிறந்தவனுக்கு வந்தால் நானும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவனுக்கு இது தெரியாதா? தெரிந்ததால்தான் பயம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். வடிவு பத்மாவோடு ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து, எனக்குத் தெரியாமலேயே பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டார். தன் நெருங்கிய மனிதர்களுக்குத் தானே செய்வது முறையில்லை, வேறு டாக்டரை வைத்துச் செய்யலாம் என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் செய்தால் படுக்கிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

முந்தின நாள் குடலைக் கழுவ அந்த உப்புத் தண்ணீரைக் குடித்ததைப் பற்றி எழுத வேண்டாம், குடித்தவர்களுக்குத் தெரியும். கட்டிலில் படுத்ததும் மயக்க ஊசி போட்டார்கள். தூங்குவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்தது சின்னத் திரையை மூடியிருந்த பச்சைத் துணியைத்தான். அதன் பிறகு நடந்ததை லிசி சொல்லித்தான் அறிவேன்.

குழாய் கடைசிவரை போய், திரும்பி வரும் வழியில், வலப்பக்கக் குடலில் ஒரு மடிப்புக்குப் பின்னால் பச்சைக் கட்டம் வந்ததாம், போனதாம், மறுபடி வந்ததாம். வடிவு அங்கே நிறுத்தினார். தண்ணீர் அடித்துக் கழுவினார். நீல வெளிச்சத்தில் பார்த்தார். தட்டையாக, சுவரோடு சுவராக ஏதோ இருந்தது. லிசி துணியில் கை வைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக உடனே வரும் வார்த்தை வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் வடிவு, "ஒண்ணுமில்ல. அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்ல" என்றார். லிசி துணியை விலக்கினார். அடினோமா என்று எழுதியிருந்தது.

வடிவு இன்னொரு முறை கழுவி, இன்னொரு கோணத்தில் காட்டினார். தம்பி பேச்சை மாற்றவில்லை. பிறகு அவர் சட்டத்தின்படியே நடந்தார். அதன் அடியில் நீரைச் செலுத்தி மேலே எழுப்பி, கம்பிச் சுருக்கில் பிடித்து, மிச்சமில்லாமல் எடுத்தார். எங்கள் லேபுக்கு அது வரவில்லை. என் சதையை நானே பார்க்கக் கூடாது என்று சொல்லி, சயானில் எனக்குத் தெரிந்த ஒரு பேத்தாலஜிஸ்டுக்கு அனுப்பிவிட்டார். எத்தனையோ பேரைக் காக்க வைத்த நான், அந்த வாரம் முதன்முறையாகக் காத்திருந்தேன்.

ரிப்போர்ட்டோடு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்மா கதவைத் திறந்து, "மொதல்ல உள்ள வாங்கோ, காப்பி கலக்கறேன்" என்றாள். அவர் காப்பி வேண்டாம் என்றதும் எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. அடினோமாதான், புற்றின் வாசலில் நின்றுகொண்டிருந்தது, ஆனால் உள்ளே நுழையவில்லை என்றார். முழுவதும் எடுத்தாகிவிட்டது, ஓரமெல்லாம் சுத்தம், இனி காலாகாலத்தில் பார்த்துக்கொண்டால் போதும். விட்டிருந்தால் என் அண்ணாவின் கதைதான் எனக்கும். பத்மா சுவாமி அறைக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். நான் பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டேன். வடிவு மட்டும் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னொண்ணு இருக்கு. நான் அத ஒண்ணுமில்லன்னு சொன்னேன் அண்ணாச்சி" என்றார்.

அப்படியானால் காராச்சேவு எங்கே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளயாடாதிய. எனக்குக் கண்ணுல தெரிஞ்சிது. மனசுதான் வேண்டாம்னுட்டு. உங்களுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு நெனச்சிக்கிட்டே பாத்தா கண்ணு எப்படி உள்ளதச் சொல்லும்? தம்பிக்கு நீங்க யாரோ. அதான் சொல்லிட்டான்."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பத்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னது தப்பா இருக்கட்டும். எடுத்தது உங்க கைதானே" என்றாள். அன்றைக்குப் போட்டிக் கணக்கெல்லாம் பார்க்காமல் வடிவு எங்கள் வீட்டில் மொளகூட்டல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இதோடு விட்டிருக்கலாம். வெளியே சொல்ல வேண்டாம் என்று நானும் கேட்டுக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. அடுத்த மீட்டிங்கில் எழுந்து, என் அனுமதியோடு என் குடலின் படத்தைப் பெரிய திரையில் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவரிடம் பயிற்சி பெறும் இளம் டாக்டர் ஒருவர், சளி மறைத்திருக்கும், வெளிச்சம் போதாமல் இருந்திருக்கும் என்று காப்பாற்றப் பார்த்தார். "வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று வடிவு அதை வெட்டிவிட்டார். பெயர் பெற்ற டாக்டர்கள் தங்கள் தப்பைச் சொல்லும்போது அதில் ஒரு நாசூக்கு இருக்கும். இவர் பேச்சில் அது துளியும் இல்லை. பிரியமானவர்களுக்குத் தான் செய்யப் போவதில்லை, மற்றவர்களும் செய்யாதீர்கள், வேறு வழியில்லாமல் செய்தால் தம்பியை அணைத்து வைக்காதீர்கள் என்று சொல்லி உட்கார்ந்தார். நானும் அன்று எழுந்தேன். இந்த மிஷினைப் பற்றி முன்பு பேசியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மீதிப் பாதிக்காக அதன் பிறகும் அவரோடு சண்டை போட்டேன், போன வாரம் வரைக்கும்.

செம்பூரில் அவரை வழியனுப்பத் திரண்ட கூட்டத்தில் தாராவிக்காரர்களே அதிகம். பை தைக்கும் பெரியவரின் மகன் வந்திருந்தார். அப்பா இன்னும் நன்றாக இருக்கிறார், டாக்டரம்மா போனதைச் சொல்லத் தைரியம் வராததால் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்றார். ஐரோலியில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் வடிவின் மகள் என்னைத் தனியே அழைத்து, அம்மாவைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவளுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுங்கள். அம்மா பேசிய இடங்களை மட்டும் தாராவித் தமிழிலேயே வாசியுங்கள்.

எனக்கு அடுத்த பரிசோதனை நெருங்கிக்கொண்டிருக்கிறது. மீட்டிங்கில் வடிவுக்காகப் பேசிய அந்த இளம் டாக்டர்தான் செய்யப்போகிறார். நல்ல கை, நிதானமான பார்வை. என் மேல் அவருக்குத் தனிப் பிரியம் எதுவும் கிடையாது, லேபில் நான் அவரைக் கொஞ்சம் விரட்டியும் இருக்கிறேன், ஆகவே சரியாகவே பார்ப்பார். உள்ளதை உள்ளபடி சொல்லுவார், தம்பியும் சொல்லுவான். இருவரும் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வடிவு தன் வாழ்நாளில் சரியாகச் சொன்னவை ஏராளம். அவையெல்லாம் யாருக்குச் சொன்னாரோ அவர்களுக்குச் சேர்ந்துவிட்டன, அவர்களுடைய வயதாக, பேரக் குழந்தைகளாக. எனக்கென்று அவர் விட்டுப்போனது தப்பான ஒரு சொல். மயக்கத்தில் கிடந்ததால் அதை என் காதால் கேட்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. எதற்கும் மயங்காத கண் எனக்காக ஒரு முறை மயங்கி, நான் நன்றாக இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டுச் சொன்னது. பேத்தாலஜிஸ்டாக அதை நான் தள்ளுபடி செய்தாக வேண்டும். செய்யவில்லை. "அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்ல." அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.